எதிர் மில்லில் இருந்து வந்த பொட்டலம்

அன்று காலை மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தோம். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீதிக்காரர்களுக்குத் தெரியும், மிளகாய் அரைக்கிற நாளில் என் மில்லுக்குள் ஒருவரும் தலையை நீட்ட மாட்டார்கள். மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நானும் சீலா அக்காவும் மட்டும்தான் உள்ளே நிற்போம். சீலா அக்கா மில் தொடங்கிய நாளிலிருந்து என்னோடு வேலை செய்கிற சிங்களப் பெண். அவர்தான் முதலில் கவனித்தார். "லோகா, எதிர்ப் பக்கம் இன்னைக்கு மல்லி வாசம் வரல்லயே" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். மன்சூர் நானாவின் மில் ஷட்டர் இறங்கியே இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. மில் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. ஏனோ கை தானாகவே மோட்டாரை நிறுத்தியது. இரைச்சல் அடங்கியபோது அவருடைய பெயரை இரண்டாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வீட்டில் படுத்தவர் எழும்பவில்லை என்று பின்னால் தெரிந்தது. மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் துடைக்க முடியாது. அப்படியே நின்றேன். வாசலுக்கு வந்த வாடிக்கைக்காரர் ஒருவர், "காரம் கண்ணுக்கு ஏறிட்டா மிஸ்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மன்சூர் நானாவின் வீடு அக்குறணையில். காரம் போகக் குளித்து, உடுத்தி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்து வாகன நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆண்கள் எல்லோரும் மையவாடியில். பெண்கள் இருந்த அறையில் ஒரு மூலைக் கதிரையில் என்னை உட்கார வைத்தார்கள். நான் யார் என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி, "வாப்பாட எதிர் மில்லுக்காரி" என்று அறிமுகம் செய்தாள். அந்தச் சொல்லைத் தவிர அங்கே எனக்கு வேறு உறவுமுறை இருக்கவில்லை. செத்தவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் எங்கேயோ சாமான் வாங்கப் போயிருக்கிறார் என்று மனம் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

இதைப் படிப்பவர்களில் வீதியில் புதிதாகக் கடை போட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் பன்வில பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு மசாலாக் கம்பெனியில் பொதி செய்கிற வேலைக்கு வந்து, தொழிலைக் கற்றுக்கொண்டு, சின்னதாக ஒரு அரைக்கும் மில் போட இடம் தேடியபோது வாடகைக்குக் கட்டுப்படியானது இந்த ஒரே இடம்தான். எதிரே பெயர் பெற்ற ஒரு மில் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி இருக்கவில்லை. பூசை போட்டுப் பால் பொங்க வைத்த அன்றைக்கே வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் கட்டிய சாரமுமாக மன்சூர் நானா வீதியைக் கடந்து வந்தார். அடுப்பையும் அரைக்கும் மெசினையும் சுற்றிப் பார்த்தார். "இந்த வீதிக்கு ஒரு மில் போதும் தங்கச்சி" என்றார். "அப்ப நீங்க மூடுங்க நானா" என்றேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீதியைக் கடந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அவருடைய ஆள் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வறுத்த கறித்தூள், அன்றைய முதல் அரைவை, இன்னும் சூடு ஆறவில்லை. என் தூள் எங்கே, இது எங்கே என்று காட்டத்தான் அனுப்பியிருக்கிறார் என்று எனக்குக் கோபம். ஆனால் தொழில் கை சும்மா இருக்குமா? உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்த்தேன். "வெந்தயம் கூடிருச்சின்னு போய்ச் சொல்லுங்க" என்று ஆளைத் திருப்பி அனுப்பினேன்.

அவரே வந்துவிட்டார். "யாரு சொன்ன வெந்தயம் கூடண்டு?"

"நாந்தாங்க."

வாசலிலேயே நின்று தாடியைத் தடவினார். "எனக்கும் அப்பிடித்தான் பட்டுது. வீட்டுல கேட்டா நல்லம் எண்டுறாங்க. வேலக்காரங்களும் நல்லம் எண்டுறாங்க. மகனுக்கு நாக்கே இல்ல. இனி ஒங்களுக்குத்தான் அனுப்பப் போறன். நீங்களும் ஒங்கட தூள அனுப்புங்க. ஆனா ஒண்டு, நல்லா ஈக்குது எண்டு மட்டும் செல்லி அனுப்பப் படாது."

அப்படித்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது. காலையில் முதல் அரைவையில் ஒரு சிட்டிகை இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். பின்னாலேயே குற்றம் வரும். "கறுவாப்பட்ட போட்டீங்களா, கறுவா மரத்த காட்டினீங்களா?" என்று கேட்டு அனுப்புவார். "நானாட மல்லியில மண் வாசம் வருது" என்று நான் சொல்லி அனுப்புவேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் இருவர் குஞ்சுக்கும் அந்த யோகம் கிடைக்கவில்லை. குற்றம் சொல்லிக்கொண்டோமே தவிர, வறுக்கிற கை வாகை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய வறுவலில் ஒரு கரும்பழுப்பு நிறம் இருக்கும். எரிந்த வாசம் துளியும் இருக்காது. எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "செல்லிட்டா நாளைக்கு ஒங்களோட போட்டி போட நான் எதுக்கு?" என்றார்.

வியாபாரத்திலும் விட்டுக்கொடுத்தவர் இல்லை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து எனக்கென்று மிளகு கொண்டுவந்த வியாபாரியைப் பாலத்தடியிலேயே மறித்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து, மூட்டைகளைத் தன் பக்கம் இறக்கிவிட்டார். நான் சண்டைக்குப் போனேன். "சீக்கிரமா எழும்பினா நீங்களும் பாலத்தடிக்கு வரலாந்தானே" என்றார். அடுத்த தடவை நான் பாலத்துக்கு அப்பாலேயே போய் நின்றேன். அவருடைய பொட்டலம் வருமுன் என் பொட்டலம் போய்ச் சேர வேண்டும் என்ற ரோசத்தில்தான் நான் விடியும் முன்னே அடுப்பு மூட்டப் பழகினேன்.

இப்போது சொல்லப் போவது பலருக்கு நினைவிருக்கும், சிலர் மறக்க விரும்புவீர்கள். நாட்டில் ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த ஆண்டு. முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகப் பேச்சு பரவிய நாட்கள். எதிர் மில்லின் வாசல் வெறிச்சோடிப் போனது. நெடுநாள் அவருடைய வாடிக்கையாக இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வீதியைக் கடந்து என்னிடம் வந்தார்கள். என் மில் அதுவரை அப்படி ஓடியதில்லை. இன்னொரு ஆள் போட்டால் என்ன, இன்னொரு மெசின் எடுத்தால் என்ன என்றெல்லாம் எனக்கு யோசனை ஓடியது. அப்படியான ஒரு காலையிலும் பொட்டலம் வந்தது, இந்த முறை அவர் கையாலேயே. விற்க ஆளில்லாமல் எதற்கு அரைத்தார் என்று எனக்குப் புரியவில்லை.

"ஒங்கட ஏவாரம் ஏறுது. நல்லம்" என்றார். "ஆனா ஒண்டு வெளங்கிக்கோங்க தங்கச்சி. இவங்க ஒங்கட தூளுக்கு வரல்ல. எனக்குப் பயந்து வாராங்க. அத ஒங்கட கெட்டித்தனம் எண்டு நெனச்சிட்டீங்கண்டா, தூள் கெட்டுப் பெய்த்துடும்."

எனக்குச் சுருக்கென்றது. வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்றுகூட நினைத்தேன். பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டபோது எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாடிக்கை இல்லாத மனிதர் அரைத்த தூள் அது. நான் இன்னொரு மெசின் எடுக்கவில்லை. பின்னால் பேச்சு அடங்கி அவருடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக மறுபடி வீதியைக் கடந்து போனபோது, எடுக்காதது எவ்வளவு நல்லது என்று தெரிந்தது.

அடுத்து வந்தது மின்வெட்டுக் காலம். எரிவாயு இல்லை, டீசல் இல்லை, மல்லி வருகிற கப்பலுக்குக் கொடுக்க நாட்டில் டொலர் இல்லை. வீதியில் அவர் பக்கம் ஒரு மின்வெட்டுப் பிரிவு, என் பக்கம் வேறு பிரிவு. அவருக்கு வெளிச்சம் இருக்கும்போது எனக்கு இருட்டு. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவர் ஒரு யோசனை சொன்னார். எந்தப் பக்கம் கரண்ட் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் இருவருடையதையும் அரைப்பது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நாங்கள் மாறி மாறி வீதியைக் கடந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். கரண்ட் போகுமுன் முடிக்கிற அவசரத்தில் ஒருநாள் அவருடைய தூளை என் பைகளிலும் என் தூளை அவருடைய பைகளிலும் நிரப்பி ஒட்டி, கடைகளுக்கும் அனுப்பிவிட்டோம்.

இரண்டொரு நாளில் பேராதனையிலிருந்து ஒரு கடைக்காரர் எனக்கு ஃபோன் எடுத்தார். "இந்த வாட்டி தூள் விசேஷமா இருக்கே, என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். எனக்கு உள்ளங்கால் வரை கூசியது. அதே நேரம் எதிர் மில்லில் அவர் ஃபோனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வீதியைக் கடந்து வந்தார். "என்ட பேர ஒரு பையில கெடுத்துட்டீங்களே" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அடுப்போடு மல்லுக்கட்டினேன். தீயைக் குறைத்தேன், மல்லியைத் தனியாக வறுத்தேன், கறிவேப்பிலையையும் வாசனைக்குப் போடும் ரம்பை இலையையும் முன்னதாகவே காயவைத்தேன். ஒவ்வொரு நாளும் பொட்டலம் அனுப்பினேன், ஒவ்வொரு நாளும் குற்றம் வந்தது. ஒருநாள் காலை மட்டும் பதிலே வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே போனேன். பொட்டலம் மேசையில் பிரித்தபடி கிடந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, "பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க தங்கச்சி" என்றார். குற்றம் ஒன்றும் வரவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு பால் ஊற்றாத அந்தச் சாயத்தண்ணீர்தான்.

வர்த்தகர் சங்கக் கூட்டம் ஒன்றுக்குக் கொழும்பிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். நம் நாடு போன்ற இடங்களில் ஒரு சிறு தொழில் ஏன் ஓடுகிறது, ஏன் படுக்கிறது என்று திரையில் போட்டுக் காட்டினார். கடன் வசதி, மின்சாரம், பயிற்சி, அரசாங்கக் கொள்கை. எல்லாம் உண்மைதான், எல்லாவற்றிலும் நாங்கள் அடிபட்டவர்கள்தான். மன்சூர் நானா எழுந்து நின்றார். "சேர், ஒண்டு விட்டுப் பெய்த்து. எதிர்க்கட."

"போட்டியைச் சொல்றீங்களா? அது தடைகள்ங்கிற பகுதியில இருக்கு."

"தடதான் சேர்" என்று என் பக்கம் கையை நீட்டினார். "பெரிய தட. வெள்ளனெ எழும்ப வெக்கிற தட."

கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சிவந்துபோய், இரண்டு நாள் பொட்டலத்தில் வேண்டுமென்றே பெருஞ்சீரகத்தைக் கூட்டி அனுப்பினேன். அவர் இரண்டு நாளும் கண்டுபிடித்தார்.

அவர் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய மகன் ரிஸ்வான் கொழும்பில் வேறு தொழில் செய்கிறவர். மில்லை நடத்த அவருக்கு எண்ணம் இல்லை. கட்டிடம் கைபேசிக் கடைக்குப் போகப் போகிறது. வாடிக்கைக்காரர்கள் மறுபடியும் வீதியைக் கடந்து வருகிறார்கள், இந்த முறை தலை குனியாமல். "இனி ஒங்க ராஜ்யம்தானே" என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். என் மில் இப்போது ஓடுகிற ஓட்டம் முன்பு எப்போதும் ஓடாத ஓட்டம். ஆலை இல்லா ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை. மத்தியானம் மோட்டாரை நிறுத்தினால் வீதி முழுக்கச் சத்தம் இருந்தும் எனக்குக் காது அடைத்தாற்போல இருக்கிறது. எனக்குக் குடும்பம் இல்லை. பன்விலவில் இருந்த உறவும் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டது. என் நாள் எப்படிப் போகிறது என்று தினமும் தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு அது தெரிந்தது என் தூளின் வழியாக. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

நாற்பதாம் நாள் கத்தம் நெருங்கியபோது அவருடைய மனைவி ஃபோன் எடுத்தார். அக்கா முறையில் ராத்தா என்றுதான் அவரை நான் கூப்பிடுவேன். "லோகா, ஊட்டுல தூள் முடிஞ்சு. இந்த ஊட்டுக்கு நாங்க ஒருநாளும் வெளித் தூள் வாங்கினதில்ல. கத்தத்துக்கு ஆக்க நீங்கதான் அரச்சித் தரோணும்" என்றார். நானாவுக்குக் கத்தம் ஓதி ஊருக்குச் சோறு போடுகிற நாளில் சட்டியில் விழப் போவது என் தூள். அப்படி ஒரு நாள் வரும் என்று எங்கள் இருவரில் யாரும் நினைத்திருக்க மாட்டோம்.

எல்லாவற்றையும் அளந்து எடுத்து வறுத்தேன். அரைத்துச் சலித்து ஆறவைத்தேன். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. சீலா அக்காவிடம் கொடுத்தேன். "ஷோக்கா இருக்கு" என்றார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் வாசம் பிடித்துவிட்டு, "வேற யாரும் இப்படி அரைக்க ஏலாது மிஸ்" என்றார். ரிஸ்வானே தூளை எடுத்துப்போக வேன் கொண்டுவந்துவிட்டார். அவரும் விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "வாப்பாட தூள் மாதிரியே ஈக்குது அன்ட்டி" என்றார்.

மகனுக்கு நாக்கே இல்லை என்று நானா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்தேன். மடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்து நின்றேன். எதிரே இறங்கிய ஷட்டரில் புதுக் கடையின் விளம்பரத் துணி கட்டியிருந்தது. பொட்டலத்தை நானே பிரித்தேன். அவர் செய்வதுபோல முதலில் மூக்கருகே கொண்டுபோய், பிறகு நாக்கில் வைத்து, கண்ணை மூடினேன்.

"தங்கச்சி, கருகிப் பெய்த்து."

அவருடைய குரலில் நான்தான் அதைச் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். ரிஸ்வான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இத அனுப்ப முடியாது. மல்லி கருகிருச்சு. திரும்ப வறுக்கணும்" என்றேன். நேரம் போகிறது, சமையற்காரர்கள் காத்திருக்கிறார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார் அவர். "ஒங்க வாப்பாவுக்குத் தெரியும்" என்றேன். அவர் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் தீயைக் குறைத்து, மல்லியைத் தனியாக, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

தூள் பிந்தித்தான் போனது. சோறும் பிந்தித்தான் போட்டார்கள். பெண்கள் பக்கத்தில் பலருக்குச் சேர்த்துச் சோறு போட்ட ஒரு சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். எல்லோரும் கறியைப் புகழ்ந்தார்கள். ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கிறது என்றார். அந்தக் கறியில் ஏலம் ஒரு பொட்டுக் கூடிப்போயிருந்தது. அந்த வீடு நிறைந்த கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வாயில் சோறோடு அழுகை வந்தது.

மன்சூர் நானா என்னிடம் விட்டுப்போனது அவருடைய மெசின் இல்லை, வாடிக்கை இல்லை, கடைசிவரை சொல்லாத அந்தக் கை வாகும் இல்லை. என் தூளில் குற்றம் கண்டுபிடிக்கிற அவருடைய நாக்கு, அது என்னிடம் இருக்கிறது. இப்போதும் காலையில் முதல் அரைவையில் ஒரு சிட்டிகையை மடிக்கிறேன். வாசலில் நின்று பிரிக்கிறேன். குறை சொல்கிறேன். சொன்ன பிறகுதான் பைகளைக் கட்டச் சொல்கிறேன். இன்று காலை மிளகு தூக்கலாக இருந்தது. உரக்கச் சொன்னேன். உள்ளே போய், இரண்டு கோப்பை பிளேன்டீ ஊற்றச் சொன்னேன். சீலா அக்கா ஒன்றை என் கையில் தந்து, மற்றதை எதிர் ஷட்டரைப் பார்க்கிற வாசற்படியில் வைத்தார்.